முட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு இருக்குமோ? அம்மாவுக்கு உடனே நிறுத்தலாமா?

கல்லிடை வாசி
இரவு 9.10

அம்மாவுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் பீடி சுற்றியவர். தட்டை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே முட்டு இரண்டும் தேய்ந்துபோயிற்று. போன வருஷம் எங்கள் மைனி ஒரு பொடி வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னச் சின்னக் காகிதப் பொட்டலம். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. "முழுக்க மூலிகை, பொதிகை மலைச் சரக்கு" என்று சொல்லித் தருகிறார்களாம். காலையில் ஒரு பொட்டலம், வெந்நீரில்.

இரண்டு மூன்று நாளிலேயே அம்மா மாடிப்படி ஏறினார். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பொடிதான்.

இப்போது விஷயம் வேறு மாதிரி போகிறது. முகம் வட்டமாக உப்பிவிட்டது. வயிறு பெருத்திருக்கிறது, கையும் காலும் குச்சியாகிவிட்டன. லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறது. பசியோ அகோரப் பசி. வருகிறவர்கள் எல்லாம் "உடம்பு நல்லா தேறிட்டு" என்று சந்தோஷப்படுகிறார்கள். இதுவரை இல்லாத சர்க்கரையும் வந்திருக்கிறது.

இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பார்கள் என்று படித்தேன். பொட்டலங்களை எல்லாம் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். நாளையிலிருந்து கொடுக்கப்போவதில்லை. சரிதானே?

வள்ளியூர் டாக்டர்
இரவு 9.32

தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். ஒளித்துவைத்ததை எடுத்து வெளியே வையுங்கள்.

நீங்கள் சொல்வது எல்லாம் ஸ்டீராய்டு உடம்பின் லட்சணம்தான். ஆனால் சந்தேகம் சரியாக இருந்தால், திடீரென்று நிறுத்துவது பொடியைவிட ஆபத்து. நம் சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உயிர் ஓடுவதற்கு வேண்டிய கார்டிசாலை தினமும் சுரப்பது அவைதான். அதே வேலையைச் செய்கிற ஸ்டீராய்டு வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், "நமக்கு வேலை இல்லை" என்று அவை சுருங்கிப் படுத்துவிடும். நாளைக் காலையில் பொடியை நிறுத்தினால் உள்ளேயும் சரக்கு இல்லை, வெளியேயும் இல்லை. வாந்தி, மயக்கம், வயிற்றுவலி, ரத்த அழுத்தம் சரிவது, பேச்சு குழறுவது என்று போய், உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடாவிட்டால் ஆளையே இழந்துவிடலாம். இடையில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னும் வேகமாக நடக்கும்.

அதற்காகத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லவில்லை. நாளைக் காலையில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது உங்களுக்குத் தெரிந்த பொது மருத்துவரிடம் போங்கள். பொட்டலங்களைக் கையோடு கொண்டுபோங்கள். "இதை இத்தனை மாதமாகத் தின்கிறார்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கிற ரத்தத்தில் கார்டிசால் பார்க்கச் சொல்லுவார்கள். ஆளைப் பார்த்தால் ஸ்டீராய்டு வழிகிறது, ரத்தத்தில் கார்டிசாலோ அடிமட்டத்தில் இருக்கிறது என்றால், எங்களுக்கு அந்த முரண்தான் துப்பு. வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அப்புறம் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

இன்று ராத்திரியே தொடர்ந்து வாந்தியோ தலைசுற்றலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

துபாய் நெல்லை
இரவு 10.05

ஆரம்பிச்சாச்சா? எங்கே ஒரு நாட்டு மருந்து வேலை செய்தாலும் உடனே "ஸ்டீராய்டு" என்று ஒரு கூச்சல். எங்கள் தாத்தா காலத்தில் இந்த மலையிலிருந்து வேர் பிடுங்கித்தான் வைத்தியம் பார்த்தார்கள். அகத்தியர் உட்கார்ந்த மலையப்பா இது. இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்காரனுக்கு வயிற்றெரிச்சல். பொடியை லேபில் சோதிக்காமலே தீர்ப்பு எழுதுகிறார் டாக்டர்.

மருந்துக்கடை அண்ணாச்சி
இரவு 10.24

துபாய்க்கார அண்ணாச்சி, கோபப்படாமல் ஒரு கணக்குக் கேளுங்கள். வண்ணார்பேட்டையில் மருந்துக்கடையில் நின்றே தலை நரைத்தவன் நான்.

டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஒரு ரூபாய்க்கும் கீழே. ருசி பெரிதாகத் தெரியாது. இடித்துச் சுக்குப்பொடியோடு கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வலி இரண்டே நாளில் ஓடிப்போகும். பொட்டலம் இருபது முப்பது ரூபாய்க்குப் போகும். இதற்கு மலை ஏறி வேர் பிடுங்க எவன் போவான்?

அளவைப் பாருங்கள். முக்கால் மில்லிகிராம் டெக்சா என்பது ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்கிற இன்னொரு ஸ்டீராய்டுக்குச் சமம். ஏறக்குறைய நம் உடம்பு ஒரு முழு நாளைக்குச் சுரக்கிறதற்கு அது ஈடு. அதாவது கண்ணில் படாத தூசி அளவு. வீட்டில் உரலில் போட்டு இடிக்கிறவனுக்குச் சமமாகக் கலக்கவும் வராது. பாயசத்தில் முந்திரி மாதிரிதான், ஒரு கரண்டியில் நாலு விழும், அடுத்த கரண்டியில் ஒன்றுகூட இருக்காது. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

எங்கள் தொழிலிலும் களவாணிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. காய்ச்சலுக்கு, மேல்வலிக்கு என்று சீட்டில்லாமல் செட் மாத்திரை கட்டிக் கொடுக்கிற கடைகளில் அந்தச் சின்ன மாத்திரை ஒன்று சத்தமில்லாமல் உள்ளே போகும். அதுவும் இதே குற்றம்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் டெக்சா விற்கவே கூடாது.

துபாய் நெல்லை
இரவு 10.31

அதைத்தான் நானும் சொல்கிறேன். கிளினிக்கில் லேசான காய்ச்சலுக்கே டெக்சா ஊசி போட்டு அனுப்புகிறார்களே, அதை யார் கேட்பது? அவர்கள் போட்டால் மருந்து, வைத்தியர் கொடுத்தால் விஷமா?

வள்ளியூர் டாக்டர்
இரவு 10.50

நியாயமான கேள்வி. அப்படி ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. அதை மூடிமறைக்க நான் வரவில்லை.

டெக்சா விஷம் என்றும் நான் சொல்லவில்லை. கொரோனா சமயத்தில், 2020 ஜூனில், இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றியது இதே டெக்சாதான். நாளைக்கு ஆறு மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்து கொடுத்தார்கள். சர்க்கரை ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

கல்லிடைத் தம்பியின் அம்மாவுக்கு அந்த மூன்றுமே தெரியாது. நாளைக்கே அவர் ஒரு பல் பிடுங்கப் போனாலும், கண்புரை ஆபரேஷனுக்குப் போனாலும் அந்த டாக்டருக்கும் தெரியாது. "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால், "இல்லை சார், மூலிகைப் பொடி மட்டும்தான்" என்பார். பெரும்பாலும் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பாளை சித்தா
மறுநாள் காலை 6.15

ராத்திரி பார்க்கவில்லை. நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். 1964-இல் தொடங்கிய கல்லூரி அது. துபாய் அண்ணன் சொல்கிற மலையையும் மூலிகையையும் வைத்துத்தான் என் பிழைப்பு. அதனால் என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

சித்த மருத்துவத்தில் டெக்சாமெத்தசோன் என்று ஒரு சரக்கு கிடையாது. அமுக்கரா சூரணம் கொடுத்தால் முட்டுவலி மூன்றாம் நாள் ஓடாது. வாத கேசரித் தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, உணவை மாற்றி, வாரக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். நான் அப்படிச் சொன்னால், "அந்த வைத்தியர் மூணு நாளில் நடக்க வச்சாரே, உனக்குத் தெரியலையே" என்று எழுந்து போகிறார்கள். எங்கள் நேர்மைக்கு விழுகிற அடி அது. பொடிக்காரன் இங்கிலீஷ் மருந்தை வைத்துக்கொண்டு எங்கள் பெயரில் விற்கிறான். அது நடக்க வைத்தால் புகழ் மூலிகைக்கு, ஆளைக் கவிழ்த்தால் பழி சித்த மருத்துவத்துக்கு. அதை விழுந்து விழுந்து ஆதரிக்கிறவர்கள் பாராட்டுவது பொதிகை மலையை அல்ல, ஏதோ ஒரு மாத்திரைக் கம்பெனியை.

சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சித்த மருந்து தயாரித்து விற்க உரிமம் வேண்டும். லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உள்ளே இருக்கிற சரக்குகள் அளவோடு, எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வைத்தியர் தன்னிடம் வருகிற நோயாளிக்குத் தானே அரைத்துக் கொடுப்பதற்கு அந்த உரிமம் தேவையில்லை. அது நல்ல எண்ணத்தில் வைத்த விலக்கு. பரம்பரை வைத்தியர்கள் பிழைக்க வேண்டும் என்று வைத்தது. அதன் நிழலில்தான் சீட்டில்லாப் பொட்டலம் ஊர் ஊராகப் போகிறது. நோயாளியின் முகத்தையே பார்க்காமல் பார்சலில் அனுப்பினால் அவர் எப்படி "தன்னிடம் வரும் நோயாளி" ஆவார்?

யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சித்தத்தில் பாதரசம், கந்தகம், பாடாணம் என்கிற நச்சுச் சரக்குகள் எல்லாம் உண்டு. செந்தூரம், பற்பம் என்று புடமிட்ட பொடியாக முறையாகச் செய்து, சுத்தி செய்து, அளவு பார்த்துக் கொடுப்பது. அதிலும் சரியாகச் செய்யாவிட்டால் ஆபத்துதான். அது தனி விவாதம். ஆனால் அங்கே லேபிளில் பெயர் இருக்கும், சுவடியில் அளவு இருக்கும். இங்கே நாம் பேசுவது உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விற்பது பற்றி.

கடையநல்லூர் சிங்கை
காலை 7.40

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடந்த இரண்டு சம்பவங்களை எங்கள் ஆட்கள் இன்னும் பேசுவார்கள்.

2002-இல் ஒரு மெலிவு மாத்திரை. மூலிகை என்று சொல்லித்தான் விற்றார்கள். உள்ளே நைட்ரோசோ ஃபென்ஃப்ளூரமின் என்று ஒரு சரக்கு இருந்தது. ஒரு டிவி நடிகைக்குக் கல்லீரல் முழுக்கச் செயலிழந்துவிட்டது. அவரைக் கட்டிக்கொள்ள இருந்தவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால்தான் நடிகை உயிர் தப்பினார்.

2008 இன்னும் மோசம். ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரிகளில் விழுந்தார்கள். ஒருவர் தவிர எல்லாரும் ஆண்கள். ஏன் என்று டாக்டர்களுக்கு முதலில் புரியவில்லை, ஆட்களும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால் "ஆண்மை" மாத்திரைகள். அதில் சில்டெனாஃபில், அதாவது வயாக்ராவில் இருக்கிற மருந்து, இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே கிளிபென்கிளமைடு, அதாவது சர்க்கரையைக் குறைக்கிற மருந்து, ஏராளமாக இருந்தது. எதற்கு அதைப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேறு மாத்திரை செய்த மெஷினில் ஒட்டிக்கொண்டதோ, சாக்கு மாறிப்போயிற்றோ. ஏழு பேர் நினைவு இழந்து கிடந்தார்கள். நாலு பேர் பிறகு இறந்தார்கள்.

வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதுதான் அதில் பாதி ஆபத்து.

பெயர் வேண்டாம்
காலை 8.02

சிங்கைக்காரர் எழுதியதால் கேட்கிறேன், ஐடி மாற்றி வந்திருக்கிறேன். குற்றாலம் சீசனில் ரோட்டோரம் வாங்கிய ஒரு லேகியம். வேலை செய்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முகம் சிவந்து, தலை விண்விண் என்று வலிக்கிறது. எனக்கு நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சட்டைப்பையிலேயே இருக்கும். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

வள்ளியூர் டாக்டர்
காலை 8.10

உண்டு. இனி அந்த லேகியத்தைத் தொடாதீர்கள். இதை நிறுத்துவதில் ஸ்டீராய்டு மாதிரிச் சிக்கல் கிடையாது, இன்றே நிறுத்தலாம்.

நாக்குக்கு அடியில் வைக்கிறது நைட்ரேட். சில்டெனாஃபில் வகையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் தரைக்குப் போய்விடும். சாவு நடந்திருக்கிறது. முகச்சிவப்பும் தலைவலியும் சில்டெனாஃபிலின் வழக்கமான அடையாளங்கள். முக்கியமாக ஒன்று: லேகியம் தின்ற நேரம் பார்த்து நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் எதையும் வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, லேகியத்தைப் பற்றி முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே இருக்கிறவர்கள் தினம் பார்க்கிற விஷயம் இது, யாரும் சிரிக்க மாட்டார்கள். உங்கள் இதய டாக்டரிடமும் சொல்லுங்கள். இதற்கு ஒழுங்கான வைத்தியம் இருக்கிறது, உங்கள் நெஞ்சுக்கு எது ஒத்துவரும் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

தச்சநல்லூர் தம்பி
காலை 9.15

ஜிம்மில் ஒரு மாஸ்டர் மெலிவதற்கு ஒரு "கிரீன் டீ பொடி" தருகிறார். பசியே எடுக்கவில்லை, எடை சரசரவென்று இறங்குகிறது. வாய் மட்டும் வறண்டுபோகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, உட்கார்ந்திருக்கும்போதே படபட என்று அடிக்கிறது. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் போட்டிருக்கிறது. அப்படியென்றால் பயப்பட வேண்டியதில்லைதானே?

மருந்துக்கடை அண்ணாச்சி
காலை 9.40

அந்த நம்பர் தயாரிக்கிறவன் உணவு வியாபாரத்துக்குப் பதிவு செய்திருக்கிறான் என்பதற்கு. 14 இலக்கம் இருக்கும். ஒன்றில் ஆரம்பித்தால் உரிமம், இரண்டில் ஆரம்பித்தால் வெறும் பதிவு, அது சின்ன வியாபாரிகளுக்கு. டப்பாவுக்குள் இருப்பதை யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த நம்பரே உண்மையா, யார் பெயரில் இருக்கிறது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஊறுகாய்க்காரன் நம்பரை ஒட்டியிருப்பதும் உண்டு.

நீங்கள் சொல்கிற வாய் வறட்சி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் எனக்கு சிபுட்ரமின் ஞாபகத்தைக் கொண்டுவருகிறது. ஒரு காலத்தில் நாங்களே டாக்டர் சீட்டுக்கு விற்ற மெலிவு மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று ஆய்வில் தெரிந்ததும் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போயிற்று, 2011-இல் இந்தியாவில் தடை. கடையை விட்டுப் போன மருந்து "கிரீன் டீ" வேஷத்தில் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை இப்படிக் கலப்படம் என்று அரசே எச்சரித்த 776 பொருட்களைக் கணக்கெடுத்தார்கள். மெலிவுச் சரக்கில் அதிகம் அகப்பட்டது இதே சிபுட்ரமின். ஆண்மைச் சரக்கில் சில்டெனாஃபில். ஜிம் சரக்கில் ஸ்டீராய்டு வகை.

இ.சி.ஜி. ஒன்று எடுத்துவிடுங்கள் தம்பி. டீ குடித்து எவனுக்கும் பசி செத்துப்போகாது.

மேலப்பாளையத்துக்காரி
காலை 11.20

பொடி, லேகியம் என்று எல்லாரும் வாய்வழியே பேசுகிறீர்கள். முகத்தில் பூசுகிறதை விட்டுவிட்டீர்களே?

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சிவப்பழகு க்ரீம் வந்துவிடும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவருவது, கடையில் லேபிள் புரியாத மொழியில் இருப்பது என்று பல தினுசு. பத்து நாளில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என் சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. விட்டால் முகம் எரிந்து சிவந்து பரு பருவாக வெடிக்கிறது, அதனால் மறுபடி பூசுகிறாள். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு க்ரீம் செய்கிற வேலை" என்றார்.

இன்னொன்று பாதரசம். பக்கத்துக் கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தில், 2023 வாக்கில் சிறுநீரகம் கெட்டுக் காலும் முகமும் வீங்கி வந்தவர்களைக் கோட்டக்கல்லில் டாக்டர்கள் துருவிக் கேட்டதில், பலரும் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று வெளியே வந்தது. நம் நாட்டுச் சட்டப்படி முகத்தில் பூசுகிற க்ரீமில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தன்னையறியாமல் ஒட்டியிருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

தோலில் பூசுவது சிறுநீரகத்துக்கு எப்படிப் போகும் என்று என் சித்தி இன்னும் நம்பவில்லை.

நுகர்வோர் சங்கரன்கோவில்
மாலை 5.30

வேலை முடிந்து இப்போதுதான் முழுவதும் படித்தேன். "சோதிக்காமலே தீர்ப்பா" என்று துபாய் அண்ணாச்சி கேட்டாரே, அதற்கு வழி இருக்கிறது.

மருந்து என்று விற்றது என்றால், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-இன் 26-ஆம் பிரிவு. அதிகாரிதான் என்று இல்லை, வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். உணவு, சத்துமாவு, டீ என்று விற்றது என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு அதே உரிமையைத் தருகிறது. உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. "சர்க்கரையைக் குணமாக்கும்" என்று நோட்டீஸ் அடித்தாலே 1954-ஆம் வருஷத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லேப் என்றால் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் தேடுவார்கள். அதனால் "ஸ்டீராய்டு சந்தேகம்; முகம் உப்பல், சர்க்கரை வந்தது" என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள். இரண்டாவது, ஒரு பொட்டலத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அடுத்த பொட்டலம் சுத்தம் என்று ஆகிவிடாது. மேலே அண்ணாச்சி சொன்ன முந்திரிக் கதைதான்.

மருந்தால் கெடுதல் வந்தால் சொல்வதற்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே கூப்பிடலாம்.

கல்லிடை வாசி
மூன்றாம் வாரம் இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் சொன்னபடி அன்று காலையில் அம்மாவைக் கூட்டிப்போனோம். கார்டிசால் மிகவும் குறைவு என்று வந்திருக்கிறது. பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதி, எந்த வாரம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தாளில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே வரச் சொன்னார்கள். "ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று ஒரு சீட்டு எழுதி மணிபர்ஸில் வைக்கச் சொன்னார்கள். எலும்பு அடர்த்தி, கண் இரண்டும் பார்க்க வேண்டுமாம்.

சிக்கல் இப்போது அம்மாதான். "அந்தப் பொடி தின்னப்பதான் நான் நடந்தேன், உங்க டாக்டர் மாத்திரையைக் குறைக்கக் குறைக்க வலி கூடுது" என்று என்னோடு பேசுவதே இல்லை. மைனியிடம் ரகசியமாகப் பொட்டலம் கேட்டிருக்கிறார். தெருவில் மற்றவர்களிடம் சொன்னால், "உங்க அம்மாவுக்கு ஒத்துக்கலை, எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள்.

பாளை சித்தா
இரவு 9.20

அம்மா சொல்வது பொய் இல்லை தம்பி, அவரோடு வாதாடாதீர்கள். அவர் நிஜமாகவே நடந்தார். குறைக்கும்போது வலி திரும்பி வருவதும் நிஜம். அதற்கு ஏதாவது கையில் கொடுக்காமல் "பொடி கெட்டது" என்று மட்டும் சொன்னால் நானாக இருந்தாலும் மைனியைத்தான் தேடுவேன்.

தொடைத்தசையைப் பலப்படுத்துகிற பயிற்சியை பிசியோதெரபியில் கற்றுக்கொடுப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி நிறுத்துவது மாதிரி எளிதானவை. வெந்நீர் ஒத்தடம், தைலம் தாராளமாகச் செய்யலாம். உள்ளுக்கு மட்டும் இப்போது எதுவும் வேண்டாம், என் மருந்தும் வேண்டாம். மாத்திரை குறைப்பது முடியட்டும். பீடி சுற்றுவதை விட முடியாது என்றால் தரையை விட்டு நாற்காலிக்கு மாற்றி, தட்டைச் சின்ன மேசையில் வைக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கை ஓடாது, பழகிவிடும்.

தெருக்காரர்களிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்லாதீர்கள். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் அது இன்னொரு வினை. "ஒருதடவை சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள், டாக்டரிடம் பொட்டலத்தைக் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

துபாய் நெல்லை
இரவு 10.40

மலையைக் குறை சொன்னால் இப்போதும் சண்டைக்கு வருவேன். அது இருக்கட்டும்.

அப்பா ஊரில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். சர்க்கரைக்கு இங்கிலீஷ் மாத்திரையை விட்டுவிட்டு, கூரியரில் வருகிற ஒரு கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார். நான்தான் பணம் அனுப்புகிறேன். சர்க்கரை அருமையாக இறங்கியிருக்கிறது. தங்கை சொல்கிறாள், விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி ஒரு மாதிரி உளறுகிறாராம், காபியில் சீனி போட்டுக் கொடுத்ததும் சரியாகிறதாம். சிங்கைக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து உறுத்துகிறது.

வள்ளியூர் டாக்டர்
இரவு 10.48

அண்ணாச்சி, இதைக் காலைவரை தள்ளிப்போடாதீர்கள். தங்கைக்கு இப்போதே போன் போடுங்கள். இனி அந்த கேப்ஸ்யூல் வேண்டாம். இன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டும். கிளம்புகிற நேரத்தில் உளறல் இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சீனித்தண்ணீர் கொடுக்கலாம். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கிளிபென்கிளமைடு மாதிரி மருந்து உள்ளே இருந்தால், வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் உடம்பை விட்டு லேசில் போகாது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "சரியாப் போச்சு, வீட்டுக்குப் போவோம்" என்பார். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேப்ஸ்யூல் டப்பாவைக் கொண்டுபோக மறக்க வேண்டாம். சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் பார்க்கட்டும்.

துபாய் நெல்லை
அதிகாலை 1.15

சேர்த்தாயிற்று. சர்க்கரை 48 இருந்ததாம். டிரிப் ஓடுகிறது. டாக்டர் சொன்னபடியே எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று சத்தம் போடுகிறாராம். தங்கை விடவில்லை. அந்த கேப்ஸ்யூலைச் சோதனைக்குக் கொடுக்க என்ன வழி?

நுகர்வோர் சங்கரன்கோவில்
காலை 6.50

முதலில் அப்பாவுக்குச் சரியாகட்டும். பிரிக்காத டப்பா ஒன்று இருந்தால் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். பிரித்தது என்றால் மிச்சத்தை அதே டப்பாவில் மூடி, வேறு புட்டிக்கு மாற்றாமல் வைக்கட்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும். நீங்கள் பணம் அனுப்பிய ரசீது பில்லுக்குப் பதிலாக நிற்கும், அதை ஒரு பிரதி எடுத்துத் தங்கைக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் "கேப்ஸ்யூல் சாப்பிட்ட பின் சர்க்கரை குறைவு" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள், வெறும் "சர்க்கரை குறைவு" என்று போட்டால் பிறகு பிடி இருக்காது.

கல்லிடைத் தம்பியும் இரண்டு பொட்டலம் தனியாக எடுத்து வைக்கட்டும். இன்று ஞாயிறு, ஆபீஸ் கிடையாது. திங்கள் காலை பத்து மணிக்குத் தங்கையை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். விண்ணப்பத்தை இன்று ராத்திரி எழுதி இங்கேயே போடுகிறேன், டாக்டர் ஒருதடவை பார்த்துவிடட்டும்.